உறை பிரிக்காத பன்னிரண்டு கண்ணாடிகள்

பொருளைக் காப்பாற்றுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. டிவி ரிமோட்டை வாங்கி வந்த பாலித்தீன் உறையோடுதான் அமுக்குவார்கள். சோபாவைக் காப்பாற்ற ஒரு விரிப்பு, அந்த விரிப்பைக் காப்பாற்ற இன்னொரு விரிப்பு என்று போடுவார்கள். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பையில் பேரன் கல்யாணத்துக்குக்கூடக் காபி குடிக்க மாட்டார்கள். கஞ்சர்களா? இல்லை. கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர்கள் வாங்குவார்கள். அதோடு சரி.

வேங்கிக்கால் ஊரைத் தாண்டி, புது வீடுகளுக்குத் தரைக்கல் அறுத்துக் கொடுக்கும் கிரானைட் பட்டறை ஒன்றில் இந்த இனத்தின் நல்லதொரு மாதிரி இருக்கிறார். பெயர் பலராமன், சூப்பர்வைசர். அவர் பொறுப்பில் ஓர் இரும்பு பீரோ. அதற்குள் கையுறைகள், மூக்குக் கவசங்கள், கண்ணில் சில்லு படாமல் காக்கும் கண்ணாடிகள் பன்னிரண்டு, ஒரு முதலுதவிப் பெட்டி, எல்லாம் கடையில் இருந்த கோலத்திலேயே இருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து, உறைக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். காலையில் பீரோவைத் திறந்து பார்த்தால் பலராமனுக்கு நெஞ்சு நிறையும். எவ்வளவு சுத்தம், எவ்வளவு ஒழுங்கு. திரும்பினால் பட்டறை, தலையிலிருந்து கால்வரை கல்மாவு அப்பிய ஆட்கள். இவர்கள் கையில் கொடுப்பதா? பீரோவைச் சட்டென்று பூட்டிவிடுவார்.

கல் அறுக்கும் வேடியப்பனின் கண்ணாடி கீறல் விழுந்து மங்கி மாதக்கணக்காகிறது. ஒரு பௌர்ணமியன்று காலை அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"இதுல ஒண்ணும் தெரியலண்ணா. கோடு எங்க இருக்குதுன்னு பக்கத்து மேசை பொன்னிய கேட்டுக் கேட்டுத்தான் அறுக்கிறேன். புதுசு ஒண்ணு குடுங்க."

பலராமன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனம் நொந்துவிட்டது, கண்ணாடிக்காக.

"இதுவும் ஒரு நாள் புதுசாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு குடுத்தா அதையும் இப்படித்தான் ஆக்கிடுவ."

வேடியப்பன் பழையதைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்கண்ணோடு அறுக்கப் போனான். பத்து மணிவாக்கில் ஒரு சில்லு தெறித்து வலது கண்ணில் ஏறியது.

இப்போதுதான் நீங்கள் பலராமனைச் சரியாகப் பார்க்க வேண்டும். பதறி ஓடிவந்தார், முதலுதவிப் பெட்டியோடுதான் வந்தார். கண் கழுவும் மருந்துப் பாட்டிலின் சீலில் நகத்தை வைத்தவர், அது இத்தனை வருஷம் பிரியாமல் இருந்ததை நினைத்து, எப்படியும் ஆஸ்பத்திரியில் கழுவிவிடுவார்கள் என்று முணுமுணுத்தார். பக்கத்து மேசையில் கல்லுக்கு மெருகேற்றும் பொன்னி பாட்டிலைப் பிடுங்கி, சீலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மருந்தை ஊற்றினாள். பிறகு பலராமன்தான் வேடியப்பனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கிரிவலக் கூட்டத்துக்காகப் போட்டிருந்த தடுப்பு ஒவ்வொன்றிலும் கெஞ்சி வழி வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் சாப்பிடாமல் கிடந்தார். அவன் கண்ணைக் கொடு, வேண்டுமானால் என் கண்ணை எடுத்துக்கொள் என்று அண்ணாமலையாரிடம் மனமுருகி வேண்டிக்கொண்டார். பொய்யில்லை. கண்ணையே கொடுக்கக்கூடிய மனிதர். கண்ணாடிதான் கொடுக்க வரவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். சில்லை எடுத்தாயிற்று, இன்னும் மயிரிழை உள்ளே போயிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். அங்கே கண்ணாடியெல்லாம் தரமாட்டீர்களா என்றும் கேட்டார்.

"இருக்குதுங்க டாக்டர்," என்றார் பலராமன், கண்ணைத் துடைத்தபடி. "பன்னெண்டு இருக்குது. ஒண்ணுல கூட ஒரு கீறல் கிடையாது."

டாக்டர் உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் பலராமன் திருந்தினார் என்றே சொல்ல வேண்டும். மறுநாள் தன் கையாலேயே உறைகளைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். சாயங்காலம் அத்தனையையும் திரும்ப வாங்கி, துடைத்து, அதனதன் உறையில் போட்டுப் பூட்டினார். அடுத்த நாள் வேலை எட்டு மணிக்குத் தொடங்கியது. சாவி ஒன்பதரைக்கு வந்தது. அதற்கடுத்த நாள் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்ப, வேடியப்பன் கண்கட்டைப் பிரித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். அன்று காலை பன்னிரண்டும் உறைக்குள்தான் இருந்தன. பொன்னி சாவியை வாங்கித் தானே பீரோவைத் திறந்தாள். முதல் கண்ணாடியை அவனுக்கு மாட்டிவிட்டாள். மற்றவற்றையும் பிரித்துக் கொடுத்தாள். உறைகளை மொத்தமாக அள்ளிக் கல்மாவுச் சேறு தேங்கும் குழியில் போட்டாள்.

பலராமன் குழியோரம் நின்று பார்த்தார்.

"ஏம்மா, சாயங்காலம் இதெல்லாம் எதுல போட்டு வைக்கிறது?"

"மூஞ்சியிலயே இருக்கட்டும்ணா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முடித்ததும் உங்கள் வண்டிப் பக்கம் ஒரு நடை போய், பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றிவரும் உங்கள் ஹெல்மெட்டைப் பாருங்கள். முன்பக்கக் கண்ணாடியில் கடையிலிருந்தே ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் இருக்கிறதா? உரிக்க உங்களுக்கு மனம் வராது, தெரியும். வேங்கிக்கால் பக்கம் வந்தால் பொன்னியிடம் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுப் போங்கள்.