இரண்டு சீட் கார் பற்றி மாமனாரின் அபிப்பிராயம்

மண்ணூர்,
12-9-1991

மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக் குடும்பத்தை உயரத் தூக்கிக்கொண்டிருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை செந்தமிழன் அவர்களுக்கு, மாமனார் பாண்டுரங்கன் ஆசியுடனும், கார் வாங்கப்போகிறவருக்கு வெறும் ஆசி போதாது என்பதால் வணக்கத்துடனும் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தை சரோஜாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதத்தில் தேடினேன். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சுகம்தான் இருந்தது. கடைசியில் "மற்ற அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரி. சொல்லிவிட்டேன். உங்கள் மனைவி தென்றலும், பிறந்த சேதியை நீங்கள் தந்தியில் படித்துத் தெரிந்துகொண்ட உங்கள் மகள் எழிலரசியும், 'மற்ற அனைவரில்' தங்களுக்கும் இடம் கிடைத்ததில் பெருமகிழ்ச்சி அடைந்தார்கள். மூன்று வருடமாக ஊருக்கு வராதவர், இந்தத் தீபாவளிக்கும் லீவு எடுக்காமல் ஓவர்டைம் செய்யப்போவதாகவும், வண்டி கைக்கு வந்த பிறகுதான் வருவேன், மீனம்பாக்கத்திலிருந்து அந்த வண்டியில்தான் வந்து இறங்குவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். வைராக்கியம் என்றால் இதுதான். தென்றல் பேருக்கு டிராஃப்டை அனுப்பி, "மாமா போய்ப் பார்த்து நல்ல வண்டி என்று சொன்னால் எடுத்துவிடவும்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவனிடம் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது சரிதான். கேட்டுவிட்டீர்கள், ஆகவே அனுபவியுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தண்டலம் பக்கம் ஹைவேயில் புதிதாகத் திறந்திருக்கும் ஷோரூமுக்குப் போனோம். 'போனோம்' என்றால் பதினோரு பேர். ஒரு காரைப் பார்க்கப் பதினோரு பேரா என்று அங்கே உட்கார்ந்துகொண்டு சிரிக்காதீர்கள். உங்களுக்குப் பெண் பார்க்க உங்கள் வீட்டிலிருந்து இருபத்தேழு பேர் வந்தார்கள், நான் எண்ணினேன். உங்கள் அத்தையின் தம்பி மாரி தன் டிராக்டரில் டிரெய்லரை மாட்டி, வெற்றிலை பாக்குப் பழம் வைத்த தாம்பாளம், பூமாலை, நான்கு எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய் சகிதம் எங்களை ஏற்றிக்கொண்டான். எதற்குடா இதெல்லாம், பார்க்கத்தானே போகிறோம் என்றேன். "பார்க்கப் போறதுன்னா முடிக்கப் போறதுதான மாமா. கூட்டமா தட்டோட போயிட்டு வெறுங்கையோட திரும்பினா ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றான். அவனிடம் பேசி ஜெயித்தவர் மண்ணூரில் இல்லை, நானும் விட்டுவிட்டேன். அதற்கான தண்டனையைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

முழுக் கண்ணாடிக் கட்டடம். நடுவில் உங்கள் வண்டி. என் முதல் அபிப்பிராயம், யாரோ ஒரு நல்ல காரின் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது. அவ்வளவு தட்டை. சேல்ஸ்மேன் ஜீவானந்தம், டை கட்டிய நல்ல பையன், கதவைத் திறந்து "உக்காந்து பாருங்க சார்" என்றார். நான் ஆயுசு முழுக்க வண்டியில் ஏறித்தான் பழக்கம். இதில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கினேன். முட்டி இரண்டும் முகவாயில் வந்து இடித்தது. வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கூரையைக் கழற்றிக்கொள்ளலாம் என்றார் ஜீவானந்தம், ஏதோ பெரிய வசதி போல. எங்கள் பஸ்ஸில் கூரை கழன்றால் டிப்போவில் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்போம். எத்தனையோ செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்குமாம். நம் தெருவிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் எத்தனை பள்ளம், எத்தனை எருமை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் அத்தை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "இன்னாங்க, ரெண்டு சீட்டுதான கீது. அவரு ஓட்டுவாரு, பக்கத்துல தென்றல் குந்தும். கொழந்த எங்க குந்தும்?" என்று கேட்டாள். நான் அதை ஜீவானந்தத்திடம் கேட்டேன். அவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு முழ அகலப் பலகையைக் காட்டி, "இங்க ப்ரீஃப்கேஸ் வெக்கலாம் சார்" என்றார்.

எழிலரசி ப்ரீஃப்கேஸ் இல்லை மாப்பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவும் விரும்பவில்லை. மூன்று வருடம் பாலைவனத்தில் வெந்து ஒருவர் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார், அதில் பெற்ற பெண்ணுக்கு இடமில்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை என்றால், அவரை நான் என்ன சொல்ல. தென்றல் குழந்தையை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டு, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். மனசு விட்டுப்போச்சு பாவம் என்று நானும் தொந்தரவு செய்யவில்லை.

நான் இந்த வருத்தத்தில் இருந்த நேரத்தில் மாரி வேலையை ஆரம்பித்துவிட்டான். பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. ஜீவானந்தம் பதறி, "சார், இது டிஸ்ப்ளே வண்டி, தொடாதீங்க" என்று ஓடிவந்தார். "திருஷ்டி கழிக்காம வண்டிய வூட்டுக்கு எடுத்துக்கினு போவ முடியுமா? நீ படிச்சவன்தான?" என்று அவரையே அதட்டினான் மாரி. நம் ஆட்கள் ஐந்து பேர் தென்றலோடு சேர்த்து வண்டியை ஒரு முழம் தள்ளி, எலுமிச்சையை நசுக்கினார்கள். பிறகு மாரி கற்பூரத்தைக் கொளுத்தினான். ஷோரூம் வாட்ச்மேன் சுவரில் இருந்த தீயணைக்கும் சிலிண்டரை எடுத்து மாரி மேல் அடித்தான். வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டே மாரி பூசணிக்காயைச் சுற்றி, மார்பிள் தரையில் ஓங்கிப் போட்டான். உள்ளே அடைத்த குங்குமமும் சுண்ணாம்பும் இருபதடிக்குத் தெறித்தது. ஹைவேயில் போன ஒரு பஸ் நின்றுவிட்டது. அடிபட்டவருக்கு உயிர் இருக்கிறதா என்று கண்டக்டர் இறங்கி வந்து விசாரித்தார். பொறுப்பான மனிதர்.

தரையைக் கழுவினால் போய்விடும். விஷயம் அதோடு முடியவில்லை. அன்று மாலையே அந்த வண்டியை எடுப்பதாக இருந்த வாலாஜாபாத் ரைஸ்மில் முதலாளி ஒருவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். சந்தனம் குங்குமத்தைப் பார்த்தார். "இன்னொருத்தன் பேருக்குப் பூச போட்ட வண்டிய என் தலையில கட்டலாம்னு பாக்கிறியா? இது அவங்க வூட்டு வண்டிப்பா" என்று ஜீவானந்தத்திடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நாமாக இருந்தாலும் வாங்குவோமா? சேதி ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் பரவி, இப்போது அந்த வண்டியை வேறு ஒருவரும் சீண்ட மாட்டேன் என்கிறார்கள். ஜீவானந்தம் திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் நம் வீட்டுக்கு வந்து, "உங்க வண்டிய எப்ப சார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்கிறார். வேலை போய்விடுமாம். உங்கள் அத்தை அவருக்கு மோர் கொடுக்கிறாள், மாரி அவரைப் பார்த்ததும் கொல்லைப்புறமாக வயலுக்குப் போய்விடுகிறான்.

எது எப்படியானாலும் என் அபிப்பிராயம் இதுதான்: அந்த வண்டி இந்த வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. வந்தால் நான் அதில் கால் வைக்க மாட்டேன். ஜீவானந்தத்துக்கு நான் வேறு ஏதாவது வழி செய்கிறேன். நீங்கள் டிராஃப்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிவிட்டு, வண்டியில்லாமலே வந்து சேருங்கள். குழந்தை உங்கள் போட்டோவைக் காட்டி 'அப்பா' என்கிறாள். தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், அவர்தான் உங்களை அடிக்கடி கொண்டுவருகிறார் என்பதால்.

வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம். வல்லக்கோட்டை முருகன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், நல்ல பசியையும், இரண்டுக்கு மேல் எண்ணும் திறமையையும் அருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும் மாமனார்,
மண்ணூர் பாண்டுரங்கன்

பி.கு. 16-9-1991. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி வெள்ளிக்கிழமை தென்றலிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்திருக்கிறாள். நேராகத் தண்டலம் போய் டிராஃப்டைக் கொடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பின்னாலேயே ஜீவானந்தம் ஸ்கூட்டரில் கும்பிட்டபடி வந்தார். ஆறு மாதமாகத் தையல் கிளாஸ் என்று ஸ்ரீபெரும்புதூர் போய்வந்தது டிரைவிங் ஸ்கூலுக்காம். லைசென்ஸைக் காட்டினாள், போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது. நேற்று என்னை உட்காரவைத்து ஒரகடம் வரை போய்வந்தாள். வண்டி பரவாயில்லை மாப்பிள்ளை. நன்றாகவே ஓடுகிறது. மேலே எழுதியதை எல்லாம் படிக்க நேரமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தென்றல் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "அவருக்கும் எடம் கீதுன்னு எழுதுப்பா. பாப்பாவ மடியில வெச்சிக்கினு பக்கத்து சீட்டுல குந்தட்டும், நான் ஓட்டறேன். வர்ற தை மாசத்துக்குள்ள வந்தாத்தான் அது நடக்கும். அதுக்கு மேல அவ மடியில அடங்க மாட்டா, அவளுக்கே ஒரு சீட்டு வேணும். அப்புறம் வந்தாருன்னா பூந்தமல்லில பஸ் மாறி, தண்டலத்துல எறங்கி நடந்து வரட்டும்."

தைக்குப் பிறகு வருவதாக இருந்தால் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. அந்த ரூட்டில் இப்போது இருக்கும் கண்டக்டர்கள் என்னைப் போல் பொறுமைசாலிகள் இல்லை.