அறுபத்தெட்டு கிலோ மணல்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், பையிலிருந்து மைக்ரோமீட்டர் கருவியை எடுத்து அவர் மூக்கை அளந்து பார்த்து, "மூணு மைக்ரான் கூட இருக்கு, திரும்பிப் போரும்வே" என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தியாவில் ஒருவர்தான் இருந்தார். அவர் என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே குடியிருந்தார். அதனால்தான் இன்றைக்கும் விடியற்காலையில் மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

எழுபதுகளின் கடைசி. ஹைதராபாத்தில், இன்று ஏ.எஸ்.ராவ் நகர் என்று கடையும் பள்ளிக்கூடமுமாக நெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ். அவர் எங்கள் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவர் மைக்ரான். திருநெல்வேலிக்காரர். உடல் எடை நாற்பத்தாறு கிலோ, அதில் இரண்டு கிலோ மீசை.

அவர் மனைவி ருக்மணி அக்கா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேச ஆரம்பித்து, கோபம் வந்தால் ஹைதராபாத்தின் தக்கனி உருதுவில் முடிப்பார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் கூடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார், அவ்வளவுதான். முப்பத்தெட்டுப் படிக்கு மேலே ஏழு மாதமாக உட்கார்ந்திருந்தார்.

நான் தரைத்தளம். வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நானே போய்ச் சொன்னேன்.

"ஒமக்கு இங்க அலாட் ஆகி எத்தன மாசம்?"

"எட்டு மாசம் சார்."

"மூணு வருசம் ஆனாத்தான் மாத்தலாம்னு ரூல் இருக்குல்லா? பொறவு என்ன பேச்சு?"

சரி, நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கி இறக்கிவிடுகிறோம் என்றேன். உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது: "நக்கோ, வேண்டாம்! நாலு பேர் தூக்கிட்டுப் போறது ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

நாற்காலி யோசனையை அதோடு மடித்து வைத்தேன்.

ஆனால் தை மாதம் செகந்திராபாத்தில் அக்காவின் தங்கைக்குக் கல்யாணம். "வேற எதுவும் கேக்க மாட்டேன். அன்னைக்கு நான் மண்டபத்துல இருக்கணும்" என்று அக்கா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மைக்ரான் அன்றைக்கே நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டுவிட்டார். தூக்க வேண்டிய எடை: அறுபத்தெட்டு கிலோ. இப்போது தூக்க முடிந்தது: ஒரு வாளித் தண்ணீர், அதுவும் பாதி. கைவசம் இருப்பது: ஆறு மாதம். வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் அமைப்பது என்று முடிவாயிற்று.

வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் இரண்டு டம்பெல்ஸ் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் போட்டிருப்பார்கள். இவர் பேகம் பஜாருக்குத் தராசோடு போனார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐந்து கிலோ என்று பொறித்திருந்த டம்பெல் நாலு கிலோ எண்ணூற்று இருபது நின்றது. ஜோடியாக வந்தது நாலு தொள்ளாயிரம். "இடது கைக்கு ஒரு நியாயம், வலது கைக்கு ஒரு நியாயமா?" என்று அவர் தமிழில் கேட்க, கடைக்காரர் என்னிடம், "அரே சாப், இவரு லோஹா வாங்க வந்தாரா, சோனா வாங்க வந்தாரா?" என்று பரிதாபமாகக் கேட்டார். இரும்பை யாரும் அப்படி நகை பார்ப்பதுபோல் பார்த்து அவர் கண்டதில்லை.

மார்பை விரிக்கும் ஸ்பிரிங் கருவி வந்தது. ஐந்து ஸ்பிரிங்கும் ஐந்து விதமாக இழுத்தன. கர்லாக்கட்டை வந்தது. ஒன்று லேசாகக் கோணல். ஒவ்வொன்றிலும் தொழிற்சாலை வழக்கப்படி சிவப்புச் சீட்டுக் கட்டி, காரணம் எழுதி, ஹாலில் வரிசையாக வைத்தார். இரண்டு மாதத்தில் அந்த ஹாலில் நடக்க இடமில்லை. உடற்பயிற்சி மட்டும் இன்னும் ஆரம்பமாகவில்லை.

"வீடா இது, பழைய இரும்புக் கடையா?" என்பார் அக்கா.

கடைசியில் சைனிக்புரியில் ஓய்வுபெற்ற தமிழ் சுபேதார் ஒருவர் பார்பெல் விற்கிறார் என்று தெரிந்து போனோம். எடைத் தட்டுகளை நிறுத்துப் பார்த்தார் மைக்ரான். பத்து என்றால் பத்து. இன்னொரு தடவை நிறுத்தார். பத்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு வாங்கறீங்க?" என்றார் சுபேதார்.

"பொண்டாட்டியத் தூக்க."

சுபேதார் சிரிக்கவில்லை. "கம்பி நேரா நிக்கும் சார். ஆள் நிக்க மாட்டாங்க. நடக்க முடியாதவங்க கையில தண்ணி மாதிரி வழிவாங்க. ஆளைத் தூக்கணும்னா ஆள் மாதிரி ஒண்ணைத் தூக்கிப் பழகுங்க. பட்டாளத்துல நாங்க மணல் மூட்டைதான்" என்றார்.

அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். விளைவை நாங்கள் அனுபவித்தோம்.

ஆற்று மணலைச் சலித்து, மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்து, உடம்புக்கு ஒரு பை, தொடைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, தலைக்கு உருண்டையாக ஒன்று என்று தைத்துக் கோத்தார். கழுத்தைக் கட்டிக்கொள்ளத் துணியடைத்த இரண்டு கைகள். மொத்தம் அறுபத்தெட்டு கிலோ, ஒரு கிராம் கூடக் குறைய இல்லை. சாக்கு தோளை அறுக்கிறது என்று அக்காவின் பழைய நீலப் புடவையை அதற்குச் சுற்றினார். நோட்டில் அதன் பெயர் 'டெஸ்ட் பீஸ்'. சிவப்புச் சீட்டு வாங்காத ஒரே உருப்படி அதுதான்.

முதலில் ஹாலுக்குள் இழுத்தார். பிறகு தூக்கினார். பிறகு வாசல் வரை. ஐப்பசி பிறந்தபோது படிக்கு வந்துவிட்டார். எனக்கு இந்த விவரம் எல்லாம் தெரியும். தெரிந்தும், அன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்தபோது, பனிமூட்டத்தில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண்ணுடம்பு, தலை தொங்கிக்கொண்டு, கால் ஆடிக்கொண்டு, ஒரு மெலிந்த மனிதனின் தோளில் படிப்படியாக இறங்கி வந்ததைப் பார்த்து ஓரடி பின்னால் போய்விட்டேன். பால்காரனுக்கு இந்த விவரம் தெரியாது. "அய்யோ, அம்மகாரு போயாரு!" என்று தெலுங்கில் அலறிக்கொண்டு கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அந்த மாதம் முழுக்க எங்கள் பிளாக்குக்குப் பால் கிடையாது.

அக்காவை யாரும் பார்த்து மாதக்கணக்கு ஆயிற்றே. காலனியில் பாதிப் பேர் மைக்ரான் மனைவியைக் கொன்று தினமும் காலையில் காற்றாட அழைத்துப் போகிறார் என்றே நம்பினார்கள். மீதிப் பேர் மேலே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்து, அதைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

காரணம் உண்டு. ஒரு ஞாயிறு மத்தியானம் நானே போனேன். ஹாலில் ஜன்னல் பக்கம் நீலப் புடவை உட்கார்ந்திருந்தது. "என்னக்கா, இன்னைக்கு எழுந்து உக்காந்துட்டீங்க போல!" என்றேன் சந்தோஷமாக.

"நான் இங்க இருக்கேன்" என்று படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

நான் உட்காரவில்லை. மைக்ரான் போட்டுத் தந்த டீயை நின்றுகொண்டே குடித்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. மணல் ஈரம் குடித்து டெஸ்ட் பீஸ் நானூறு கிராம் ஏறியது. அதே நாட்களில் அக்கா இளைத்துக்கொண்டே போனார். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறியது. தொழிற்சாலை டாக்டர் வந்து பார்த்து, வியாதி ஒன்றுமில்லை, சாப்பிட்டால் போதும் என்றார். சாப்பாடுதான் இறங்கவில்லை.

"அவ எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருக்கா. எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?" என்றார் அக்கா. "ஹவ், நிஜமாத்தான் சொல்றேன். அவ குண்டாவறா, நான் காலியாவறேன்."

மைக்ரான் அதை நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் அக்கா, "இப்ப முதுகைக் காட்டிட்டு இருக்கா. இது அதைவிட மோசம்" என்றார். பால்கனியில் வைத்தார். எதிர் பிளாக்கிலிருந்து புகார் வந்தது. பொம்மை அக்காவை உறிஞ்சுகிறது என்று பெண்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். நான் பொறியியல் படித்தவன். சத்தமாகச் சிரித்தேன். ஆனால் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தப்ப முடியாது. அன்று அக்காவை எடை பார்ப்பார் மைக்ரான். எடைக் கருவி மேல் ஸ்டூல், அதன் எடை போக முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருப்பார், ஸ்டூலில் அக்கா. முள் அக்காவுக்குத் தெரியாது. மைக்ரான் குனிந்து படித்துச் சொல்வார், நான் நோட்டில் எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக நான் முள்ளைப் பார்ப்பதில்லை. மைக்ரான் படித்ததைச் சரிபார்க்க எனக்கென்ன பைத்தியமா?

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பேனா உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். முள் ஐம்பத்துமூன்றில் நின்றது.

"அறுபத்தேழு எழுநூறு" என்றார் மைக்ரான்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. மூன்று மைக்ரான் பிசகுக்காக ஒரு லாரி நிறைய உதிரி பாகங்களைத் திருப்பி அனுப்பியவர். ஜெனரல் மானேஜர் போனில் கெஞ்சியும் கையெழுத்துப் போடாதவர்.

"எழுதும்வே" என்றார்.

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். "அப்படியா? எளைச்ச மாதிரி இருக்கேன்னு நெனைச்சேன்" என்று அக்கா கொஞ்சம் தெம்பாகச் சொன்னார்.

படியில் இறங்கும்போது அவரும் கூட வந்தார். பொம்மையைப் பார்த்துப் பயந்த பயம் போய், அக்காவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு வந்திருந்தது.

"சார், மணலையாவது குறைச்சுக்கலாமே? ஐம்பத்துமூணு கிலோவுக்கு எதுக்கு அறுபத்தெட்டைத் தூக்கறீங்க?"

"ஒரு பிடி எடுக்க மாட்டேன்வே. அவ திரும்ப ஏறி வருவா. அன்னைக்கு என்னால தூக்க முடியலன்னா நாந்தான் ரிஜெக்ட்" என்றவர், படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தை பிறந்தது. கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு வாசலில் டாக்ஸி நின்றது. எல்லா வீட்டுக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தது. பனி. மேலேயிருந்து அதே காலடிச் சத்தம். பட்டுப் புடவை, அவர் தோளில் சாய்ந்த தலை, ஆடுகிற கால். மூன்று மாதமாகப் பார்த்த காட்சிதான். இறங்கி வருவது எது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. எதிர்வீட்டு அம்மாள் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் அந்தத் தலை நிமிர்ந்தது. "கைக்கூ, எதுக்கு எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? நான்தான்!" என்றது. யாரோ உள்ளே பாத்திரத்தைக் கீழே போட்டார்கள்.

உதவிக்கு என்று முதல் மாடியில் நின்றிருந்த நான் பின்னாலேயே இறங்கினேன். அக்கா தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏங்க, அறுபத்தேழுக்கு மேலன்னு சொன்னீங்க. மூச்சுகூட வாங்கலையே?"

மைக்ரான் ஒரு படி நின்றார். அடுத்த படியிலிருந்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்படி ஒரு மோசமான நடிப்பை நான் எங்கள் மனமகிழ் மன்ற நாடகத்தில்கூடப் பார்த்ததில்லை. முனகினார். நின்றார். வராத வியர்வையைத் தோளில் துடைத்தார். "என்னா கனம் ஏளா!" என்றார். வாழ்நாளில் பொய் அளவு சொல்லாத மனிதர் மிச்சமிருந்த பதினெட்டுப் படியும் பொய்யாக மூச்சு வாங்கினார். டாக்ஸியில் உட்காரும்போது அக்கா என்னைப் பார்த்து, "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டார்" என்றார். நம்பித்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் முடிந்து அக்கா அம்மா வீட்டிலேயே தங்கினார். தரைத்தளம், வாசலில் நாற்காலி, போகிறவர் வருகிறவரோடு வாயாட நாள் முழுக்கத் தெரு. மைக்ரானும் அங்கிருந்தே வேலைக்கு வந்தார். சாவி என்னிடம். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வீட்டைப் பெருக்கிவைக்கலாம் என்று திறந்தேன். நாற்காலியில் நீலப் புடவை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. மணல் முழுக்கத் தரையில் கொட்டி, வாசல் வரைக்கும் வந்திருந்தது. எலி கடித்த ஓட்டையைக் கண்ணால் பார்த்தேன். எலியையும் பார்த்தேன். இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு வேகமாகத்தான் இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் திரும்பி வந்தார்கள். டாக்ஸியில் பார்த்தபோது எனக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை, கன்னம் அப்படி உப்பியிருந்தது. மைக்ரான் தூக்கினார். பத்துப் படி ஏறியதும் மூச்சு இரைத்தது. இருபதில் கால் நடுங்கியது. இது நடிப்பு இல்லை. முகம் நீலமாகி, நரம்பு புடைத்து, திருப்பத்தில் அக்காவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எழுபது... இருப்பா வே..." என்றார். பேச முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் சிரிக்கிறார். "எழுபது... குறையாது..."

"கைக்கூ, எதுக்குச் சிரிக்கறீங்க? கீழ விட்டுடாதீங்க!" என்று அக்கா அவர் முதுகில் ஒன்று போட்டார்.

நான் கைகொடுக்கப் போனேன். முழங்கையால் தள்ளிவிட்டு எழுந்தார். நான் இரண்டு படி பின்னால், விழுந்தால் பிடித்துக்கொள்கிற மாதிரி கைகளை விரித்தபடியே ஏறினேன். விழமாட்டார் என்று தெரியும். ஆனாலும் அந்த மனிதருக்குப் பின்னால் அப்படி ஏறிப்போவது எனக்குப் பிடித்திருந்தது.