மோட்டாருக்கு வந்த மிஸ்டு கால்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வயலுக்குப் போகாம வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை எங்க புது வீட்டை மந்திரிக்கிறாங்க, கிரகப்பிரவேசம் மாதிரி. ஃபாதர் வர்றாரு, சொந்தபந்தம் மொத்தமும் வருது. இந்த நேரத்துல போய் மோட்டார் கொட்டகையில உக்காந்து, த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்ப வரும்னு காத்துக் கெடக்க முடியுமா?

என்னைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியுமே. வேலையைக் குறைக்கிற சாமான்னு எது கண்ணுல பட்டாலும் வாங்கி, டெஸ்ட் பண்ணி, இந்தப் பக்கத்துல எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. குவைத்துல இருக்குற என் வீட்டுக்காரரும் அதுக்குத் தோதா அனுப்பிக்கிட்டே இருப்பாரு. தானா வீடு கூட்டுற மெஷின் காய வெச்ச உளுந்தைத் தின்னுட்டு மூச்சு விடாம நின்னுச்சு. பூண்டு உரிக்கிற மெஷின் பூண்டை உரிச்சுதோ இல்லையோ, என் கட்டைவிரலை உரிச்சுது.

இது நானே கடையில பாத்து வாங்கினது. மோட்டாருக்கு மாட்டுற மொபைல் ஸ்டார்ட்டர். உள்ள ஒரு சிம் போடணும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா அது தானே கட் ஆகி மோட்டார் ஓடும். இன்னொண்ணு குடுத்தா நிக்கும். அவ்வளவுதான்.

மாட்ட வந்த மெக்கானிக் கேட்டாரு. "அக்கா, உங்க போன்லேர்ந்து அடிச்சா மட்டும் ஓடுற மாதிரி வெக்கவா, யாரு அடிச்சாலும் ஓடுற மாதிரி வெக்கவா?"

"யாரு அடிச்சாலும் ஓடட்டும் தம்பி. நமக்கு என்ன, ஒளிவு மறைவா?"

இந்தப் பெருந்தன்மைதான் எனக்குச் சத்ரு.

சிம்முக்கும் செலவு இல்ல. நான் அப்பத்தான் புது நம்பர் மாத்தியிருந்தேன். சும்மா கெடந்த பழைய சிம்மை மோட்டாருக்குப் போட்டுட்டேன். நம்பர் மாறிடுச்சுன்னு வாட்ஸப்புல ஸ்டேட்டஸும் வெச்சேன். எங்க சொந்தத்துல ஸ்டேட்டஸ் பாக்குறவங்க யாரும் மிஸ்டு கால் குடுக்க மாட்டாங்க. மிஸ்டு கால் குடுக்குறவங்க யாரும் ஸ்டேட்டஸ் பாக்க மாட்டாங்க. இது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

சனிக்கிழமை காலையில வீட்டுலேர்ந்தே கால் குடுத்தேன். வயல் ரொம்பியிருக்கும்னு தோணினதும் இன்னொரு கால் குடுத்து நிறுத்தினேன். காபியைக் குடிச்சுக்கிட்டே இந்த மெஷினை எப்படியெல்லாம் புகழ்ந்து எழுதலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

மத்தியானம் என் நாத்தனார் லூர்து வந்து சேர்ந்தா. பட்டுப்புடவை, கையில ரெண்டு பை, முகம் நெறைய வேர்வை, வாய் நெறைய கோவம்.

"ஏன் அண்ணி, பஸ் ஏறினதும் ஒரு மிஸ்டு கால் குடுத்தேன், கீழ்வேளூர்ல இறங்கினதும் ஒண்ணு குடுத்தேன். ஒரு வண்டி அனுப்பக் கூடாதா? இந்த வெயில்ல நடந்து வர்றேன்."

"எனக்கு எதுவும் வரலையே லூர்து."

"பொய் சொல்லாதீங்க. நீங்கதான டக்குன்னு கட் பண்ணீங்க."

நம்ம ஊர்ல கட் பண்ணினா 'சரி, தெரிஞ்சுது'ன்னு அர்த்தம். அதனால அவ திரும்பக் கூப்பிடவே இல்ல. ஏதோ சிக்னல் கோளாறுன்னு மோரைக் குடுத்து சமாதானப்படுத்தினேன்.

அடுத்தாப்புல என் தாய்மாமா நடந்து வந்தாரு. அவரும் ஏறினதும் ஒரு கால், இறங்கினதும் ஒரு கால். அவருக்கும் மோர் குடுத்தேன். தஞ்சாவூர்லேர்ந்து வர வேண்டிய பெரியம்மாவை மட்டும் காணும்.

அப்பத்தான் வாசல்ல சந்தானம் அண்ணன் வந்து நின்னாரு.

அவரு எங்க பக்கத்து வயக்காரரு. ரெண்டு குடும்பமும் ஒரு காலத்துல ஒரே பண்ணையில குத்தகைக்கு உழுதவங்க. அப்புறம் அவங்கவங்க நிலம் அவங்கவங்க கைக்கு வந்துச்சு. நடுவுல இருக்குற வரப்பு மட்டும் யார் கைக்கும் வரல. என்னுதுன்னு அவரு, என்னுதுன்னு நாங்க. நாகப்பட்டினம் கோர்ட்டுல வாய்தா மேல வாய்தாவா ஓடுது. தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த வரப்பை யாரும் தொடக் கூடாதுன்னு தடை வேற. பேச்சுவார்த்தை நின்னு போச்சு. வீடு மந்திரிப்புக்கு அவரைக் கூப்பிடலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சு, தைரியம் வராம விட்டுட்டேன்.

அந்த மனுஷன் வேட்டி முழங்கால் வரைக்கும் சேறோட நிக்கிறாரு.

"ரீட்டா, கோர்ட்டுல கேஸ் இருக்கு, இல்லேங்கல. அதுக்காக பழுத்து நிக்கிற கதிர்ல தண்ணிய விடுவியா? நாளைக்குக் காலையில அறுப்பு மெஷின் வருதும்மா எனக்கு."

நாங்க லேட்டா நட்டோம், எங்க பயிர் இன்னும் பச்சை. அவருது நல்லா முத்தி அறுப்புக்கு நிக்குது. எங்களுது மேடு, அவருது தாழ்வு. எங்க வயல் வழிஞ்சா அவரு வயல்லதான் போய் நிக்கும். ஈரத்துல கதிர் சாஞ்சா நெல்லு முளைச்சுடும், அவ்வளவு பாடும் வீண்.

"அண்ணே, சத்தியமா நான் காலையிலயே மோட்டாரை நிறுத்திட்டேன்."

"நிறுத்தினியா? சொல்லலாம்னு உனக்கு போன் அடிச்சேன். எடுக்காம கட் பண்ற, தண்ணி நிக்குது. சரி, நல்ல பொண்ணு, நிறுத்திட்டான்னு நெனச்சு, தகவல் சொல்லுவோமேன்னு மறுபடி அடிச்சா, கட் பண்ணிட்டு தண்ணியத் திறந்து விடுற. திட்டலாம்னு அடிச்சா நிறுத்துற. ஏன் நிறுத்தினன்னு கேக்க அடிச்சா விடுற. என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கு போனே வரலண்ணே."

"வரலையா? இந்தா, உன் கண்ணு முன்னாடி அடிக்கிறேன்."

அடிச்சாரு. என் கையில இருந்த போன் கம்முனு கெடந்துச்சு. அவரு போன்ல ரிங் போயி, கட் ஆச்சு. எட்டி அவரு போனைப் பாத்தேன். என் பழைய நம்பர்.

"அண்ணே, அது நான் இல்ல. அது மோட்டாரு."

சந்தானம் அண்ணன் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "மோட்டாருக்கு எதுக்கும்மா போனு?"

விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல லூர்து முகம் மாறுது.

"அப்ப நான் ஏறினதும் குடுத்த கால்?"

"மோட்டார் ஓடியிருக்கு."

"இறங்கினதும் குடுத்தது?"

"நின்னுருக்கு."

மாமா கணக்கும் அப்படியே நேர் ஆயிடுச்சு. அப்ப சந்தானம் அண்ணன் முதல்ல பாத்த தண்ணி யாரு விட்டது?

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பெரியம்மா. தஞ்சாவூர்ல பஸ் ஏறிட்டாங்க. இன்னும் இறங்கல.

அதுக்கு மேல சந்தானம் அண்ணன் அடிச்ச அடியில அது இப்ப ஓடுதா நிக்குதான்னு யாருக்கும் தெரியல. லூர்து, "இருங்க அண்ணி, நான் நிறுத்துறேன்"னு ஒரு கால் அடிச்சா. அதே நேரம் மாமாவும் நிறுத்துறதுக்கு அடிக்க, அவருக்கு லைன் பிஸின்னு வந்துச்சு.

"யாரும் போனைத் தொடாதீங்க"ன்னு கத்திட்டு வயலுக்கு ஓடினேன். பின்னாடியே எல்லாரும் ஓடி வந்தாங்க.

மோட்டார் ஜம்முனு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பீஸ் கட்டையைப் புடுங்கி, மோட்டாருக்கும் சிம்முக்கும் சேத்து கரண்டையே கட் பண்ணினேன். எல்லா மெஷினுக்கும் மேல பெரிய மெஷின் அந்த பீஸ்தான்.

சந்தானம் அண்ணன் வயல்ல கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஓரத்துல கதிர் சாய ஆரம்பிச்சுடுச்சு. அவரு வரப்புல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. திட்டியிருந்தாக்கூட எனக்குத் தேவலாம் போல இருந்துச்சு. என் சோம்பேறித்தனத்துக்கு அவரு வயல் பலியான்னு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

தண்ணி வடியணும்னா ஒரே வழிதான். அந்த வரப்போட கடைசியை வெட்டி வடிகால்ல விடணும். அதே வரப்பு. கோர்ட்டு தொடக் கூடாதுன்ன வரப்பு.

"வரப்பை வெட்டிடுவோம்ணே"ன்னேன்.

"யாரு வரப்பை?"

"உங்க வரப்பைத்தான். நீங்களே வெட்டுங்க."

"என் வரப்பா? அது உன் வரப்பும்மா. எங்க அப்பாவே சொல்லுவாரு."

"ஐயோ, இல்லண்ணே. எங்க மாமனார் அது உங்களுதுன்னுதான் கடைசி வரைக்கும்..."

இத்தனை வருஷமா ரெண்டு வக்கீலு வெச்சு எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிட்ட வரப்பு. இப்ப வெட்டினா மாட்டிக்குவோமேன்னு ரெண்டு பேரும் மத்தவங்க தலையில கட்டப் பாக்குறோம். மாமாவுக்குத்தான் பொறுமை போச்சு.

"ரெண்டு பேரும் சேந்து வெட்டுங்க. எந்த ஜட்ஜு வந்து யாரைக் கேப்பாரு?"

அண்ணன் ஒரு மம்பட்டி, நான் ஒரு மம்பட்டி. லூர்து பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மண்ணை அள்ளிப் போட்டா. தண்ணி சலசலன்னு வடிகால்ல இறங்குச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சாயங்காலம் பெரியம்மா ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. பஸ்ல தூங்கி நாகூர் வரைக்கும் போயிட்டாங்களாம். போனது போனோம்னு தர்காவுல ஒரு வேண்டுதலையும் முடிச்சுட்டு, கையில ஒரு டப்பா அல்வாவோட வந்தாங்க.

"ஏண்டி ரீட்டா, இறங்கினதும் கால் குடுத்தேனே. ரிங்கே போகல?"

எல்லாரும் அல்வா சாப்பிட்டோம்.

மறுநாள் சந்தானம் அண்ணன் வயல்ல டயர் மெஷின் இறங்க முடியல. சேத்துல போற செயின் மெஷினைப் புடிச்சு வந்து, சாஞ்சதையும் சேத்து அறுத்துட்டாங்க. ஓரத்துல கொஞ்சம் போனதுதான், மத்தது தப்பிச்சுது.

இங்க ஃபாதர் ஜெபம் முடிச்சு தீர்த்தம் தெளிச்சு, பந்தி நடந்துக்கிட்டு இருக்கு. திடீர்னு வாசல்ல சந்தானம் அண்ணன். தலையெல்லாம் வைக்கோல் தூசி. நான் கூப்பிடவே இல்ல. அவரும் கேக்கவே இல்ல. நேரா வந்து மாமா பக்கத்துல இலையில உக்காந்து, "சாம்பாரு ஊத்தும்மா"ன்னாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. சாம்பார்ல காரம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

வெட்டின வரப்பை இன்னும் கட்டல. உன்னுது நீ கட்டுன்னு அவரு, உங்களுது நீங்க கட்டுங்கன்னு நான்.

இதனால சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிவிச்சுக்கிறது என்னன்னா, எங்க வீட்டுக்கு வர்றவங்க இனிமே தயவுசெஞ்சு சந்தானம் அண்ணன் மாதிரி சொல்லாம கொள்ளாம வாங்க.