பாதிப் படம் பார்த்த பண்டிதர்

பிரசாந்தினி, இராஜதுரைக்கு நாற்பத்தைந்து யூரோ கடன்பட்டிருந்தாள். ஒரு கறுப்புக் கோட்டுக்கும் கோடு போட்ட கழுத்துப்பட்டிக்குமான கடன் அது. அவளுடைய பதினொரு வயது மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவை இரண்டும் இல்லாமல் முடியாது என்று தீர்ப்புச் சொன்னவரும் இராஜதுரைதான். எங்கள் இத்தாலிய ஊரின் பல்லாரோச் சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்தவரும் அவர்தான்.

இவர் ஒரு தனி இனம். பாதிப் படம் பார்த்த பண்டிதர். பல்லுவலி என்று நீங்கள் வாயைத் திறந்தால், "உது ஒரு படத்திலை வந்தது" என்பார். வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டிவிட்டான் என்றால் அதற்கும் ஒரு படம், வேலையிடத்து எசமானி சின்யோரா சம்பளம் இழுத்தடிக்கிறாள் என்றால் அதற்கும் ஒரு படம், விசாவுக்கு ஒன்று, விவாகரத்துக்கு ஒன்று. கடைசியில் நீங்கள் சொல்ல வந்ததை மறந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பீர்கள். அடியேன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் முப்பது வருடம் இதே ஊரில் கடை நடத்தி ஆட்களைப் படித்தவன். இந்த இனத்தை நடையிலேயே கண்டுபிடிப்பேன். நெஞ்சு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்.

இராஜதுரை ஊரின் கால்சாப் பகுதியில் ஒரு கிழச் சின்யோரைப் பராமரிக்கிறார். கிழவருக்கு ஆங்கிலேயருடைய பகிடிப் படங்கள் என்றால் உயிர். அதிலும் பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பிள்ளை வந்து சேரும் கதையென்றால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்காருவார். மாலை ஆறரைக்கு, இத்தாலியக் குரல் கொடுத்த படம் ஒன்று தொடங்கும். புதுப் பிள்ளை பெட்டியோடு வரும். சாப்பாட்டு மண்டபத்தில் தட்டு வழுக்கி, மசித்த உருளைக்கிழங்கு தலைமை ஆசிரியரின் மீசையில் போய் ஒட்டும். வாசலில் ஒரு குண்டுப் பையன் காத்திருப்பான். தருகிற இனிப்புக்குள் மிளகாய் இருக்கும். கிழவர் இருமி இருமிச் சிரிப்பார். இராஜதுரை சிரிப்பதில்லை. அவர் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

பிரசாந்தினிக்கு இது விளையாட்டில்லை. ஐந்து வருடமாகச் சீசா என்ற பகுதியில் ஒற்றை அறையில் இருந்து, ஊரார் வீட்டு மாடிப்படியெல்லாம் துடைத்து, கடுதாசிக்கு மேல் கடுதாசி கொடுத்து, இந்தப் பங்குனியில்தான் தங்கையிடம் விட்டுவந்த மகன் பிரணவனை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்திருந்தாள். அவன் வந்து மூன்று கிழமை. "அம்மா" என்ற சொல் இன்னும் அவன் வாயில் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்தே கேட்டான். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "பள்ளிக்கூடம் சரிவரேல்லை எண்டால் நான் சின்னம்மாட்டைத் திரும்பிப் போறன்."

முதல்நாள் சரிவர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானே பண்டிதர்கள் வருவார்கள்?

"அண்ணை, இஞ்சத்தைப் பிள்ளையள் ஜீன்ஸோடையெல்லோ போகுதுகள்?" என்று அவள் கேட்கத்தான் கேட்டாள்.

"அதுகள் பழைய பிள்ளையள், தங்கச்சி. புதுப் பிள்ளை முதல்நாள் கோட்டோடைதான் போகவேணும். எத்தினை படத்திலை பாத்திட்டன்! இன்னொண்டு: குண்டன் ஒருத்தன் முதல் வருவான். என்னத்தைத் தந்தாலும் வாங்கக்கூடாது. அவன் தள்ள முதல் இவன் தள்ளவேணும்."

பிரணவன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனான்.

காலை பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தபோது பிரசாந்தினி நாலாம் மாடிப் படியில், கையில் ஈரத்துணியோடு நின்றாள். அவளுடைய மகன் ஒரு பிள்ளையைத் தள்ளி விழுத்திவிட்டானாம். உடனே வரட்டாம். அவள் ஓடிக்கொண்டே இராஜதுரைக்கு அழைத்தாள்.

"அண்ணை, அடிபாடாம்!"

"பாத்தியளே? நான் சொன்னனான்தானே! படத்திலையும் முதல்நாள் அடிபாடுதான்."

"பிறகு? பிறகு என்ன நடக்கும்?"

தொலைபேசியில் கிழவர் இருமுவது மட்டும் கேட்டது.

"அண்ணை?"

"பிறகு... ஏழரைக்கு நான் சூப் வைக்கக் குசினிக்குப் போயிடுவன், தங்கச்சி. திரும்பி வர மனுசன் டிவியை நிப்பாட்டிப் போடும்."

அவள் தெருவிலே நின்றுவிட்டாள். ஒரு படமும் முழுதாகப் பார்க்காத மனிதனுடைய சொல்லைக் கேட்டு, ஐந்து வருடம் காத்திருந்து எடுத்த பிள்ளையை அனுப்பியிருக்கிறாள்!

அலுவலகத்தில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவன், ஃப்ரான்செஸ்கோ என்ற குண்டுப் பையன், அழுதுகொண்டிருந்தான். விழுந்ததற்காக அல்ல. கடலைமா அடை வைத்த பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் புதியவனுக்கு நீட்டியிருக்கிறான். தள்ளியதில் இரண்டு பாதியும் நிலத்தில் போய்விட்டன. தான் செய்த ஒரே குற்றம், "உனக்கு இன்றைக்கு முதல் நன்மையா?" என்று கேட்டதுதான் என்றான். இந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளை கோட்டுப் போடுவது, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் அந்த ஒரு நாளில்தானே? வகுப்பு முழுக்க, அந்த நாளில் பங்கிடும் பாதாம் மிட்டாய் எங்கே என்று கேட்டிருக்கிறது.

பிரசாந்தினி தன் பையைத் திறந்து, மத்தியானத்துக்கென்று கட்டிவந்த பருப்பு வடையில் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஃப்ரான்செஸ்கோ மணந்து பார்த்தான். கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை செத்தல் மிளகாயால். இன்னொன்று கேட்டான்.

பிரணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, இவருக்கு உறைக்குது! தண்ணி குடுங்கோ!"

அவள் தண்ணீர் கொடுக்க வேண்டியவள், அந்த முதல் சொல்லைக் கேட்டபடியே போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் ஃப்ரான்செஸ்கோவின் தாய் மார்த்தினா சண்டை பிடிக்கும் முகத்தோடு வந்து சேர்ந்தாள். வந்தவளின் கண் மகனில் படவில்லை, கோட்டில் பட்டது. அவளுடைய இளையவனுக்கு வைகாசியில் முதல் நன்மை. துணியைத் தடவினாள், தையலைப் புரட்டினாள், கோட்டின் கையை அளந்தாள். "என்ன விலைக்கு வாங்கினீர்கள்?" என்றாள். பிரணவன் மறுநாள் ஜீன்ஸோடு பள்ளிக்கூடம் போனான்.

அடிபாடு நடந்த அன்று பின்னேரமே இராஜதுரை சீசாவுக்கு வந்தார். முழுக்கதையையும் கேட்டார். வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

"இதைத்தான் நான் சொன்னனான், தங்கச்சி. கடைசியிலை குண்டன்தான் கூட்டாளியாவான். எல்லாப் படத்திலையும் அப்பிடித்தான்."

"முடிவைத்தான் நீங்கள் பாக்கேல்லையே, அண்ணை?"

"அதுக்கெல்லாம் பாக்கவேணுமே? தொடக்கம் தெரிஞ்சால் முடிவு தெரியாதே?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் முழங்காலுக்கு மருந்து சொன்னது யார்? நேற்று அண்ணனின் மகளான பெறாமகளுக்கு எந்த நாட்டில் எந்தப் படிப்பு நல்லது என்று ஒரு மணித்தியாலம் விளக்கியது யார்? அது சரிவந்தால் "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்திருப்பது யார்? எதற்கும் உங்கள் வலது கையும் நீட்டியபடி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இராஜதுரையுடையதும் அப்படித்தான், கூச்சமே இல்லாமல் அகல விரிந்திருந்தது; கோட்டுக்கு விலையாக மார்த்தினா தந்த தாள்களைப் பிரசாந்தினி அதில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்: இருபது, நாற்பது, நாற்பத்தைந்து.