சில்லிங் அண்ணனும் இருபத்தைந்து நாணயங்களும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே நாணயச் சட்டத்தால் தூக்கம் தொலைத்த ஒரே மனிதர் எங்கள் சில்லிங் அண்ணன்தான். வக்கீல்கள்கூட அந்தச் சட்டத்துக்காக அவ்வளவு உருகியிருக்க மாட்டார்கள்.

பாசிர் கூடாங்கில் நான் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தபோது, நானும் கூட வேலை செய்தவர்களும் தங்கியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே அவர் டோபிக்கடை வைத்திருந்தார். நாமே இயந்திரத்தில் துணியைப் போட்டுத் துவைத்துக்கொள்ளும் கடை. வயது நாற்பத்துச் சொச்சம், கல்யாணம் ஆகவில்லை, மகா கூச்சம். "எண்ணெய்க் கறை போகுமாண்ணே?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். போகுமா போகாதா என்பது சட்டை வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

மாலையானால் பக்கத்திலிருந்த பாய் கடைக்குப் போவார். எது வாங்கினாலும் பத்துக் காசு நாணயங்களாகத்தான் கொடுப்பார். மலாயில் நாணயத்துக்கு ஷிலிங் என்று பெயர்; பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஒன்பது வெள்ளிக்கு, அதாவது ஒன்பது ரிங்கிட்டுக்குச் சாமான் என்றால் தொண்ணூறு நாணயம். அவரும் கல்லாவில் இருந்த சரசு அக்காவும் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அண்ணனுக்குப் பேச்சு வரும்.

"இன்னைக்கு மழை வரும் போல."

"அறுபத்திரண்டு... ஆமாங்க. ஐயோ, விட்டுட்டேன். மறுபடி எண்ணுவோமா?"

"எண்ணலாம், எண்ணலாம்."

பின்னால் நிற்கும் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அலமாக்! ஃபேக்டரி பஸ் போயிரும் லாண்ணே!" என்று கத்துவோம். வயது பார்க்காமல் எங்களையெல்லாம் அண்ணே என்று கூப்பிடும் சரசு அக்கா, இவரை மட்டும் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நாங்கள் மடையர்கள், அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் பாய் கல்லாவுக்கு மேலே அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்: ஒரு பில்லுக்கு இருபத்தைந்து நாணயம் மட்டும்.

"நான் சொல்லலண்ணே, சட்டம் சொல்லுது. அதுக்கு மேல வாங்கித்தான் ஆகணும்னு என்னைக் கட்டாயப்படுத்த முடியாது."

அண்ணன் சட்டத்தை மீறவில்லை. மறுநாள் சோப்புக்கு ஒரு பில், வெங்காயத்துக்கு ஒரு பில், முட்டைக்கு ஒரு பில் என்று போட வைத்தார். வரிசை கடையைத் தாண்டி மழைக்குள் போயிற்று. பாய்க்கு வந்ததே கோபம்!

"ஒரு நாளைக்கு ஒரு பில்லுதாண்ணே சில்லறையில! மிச்சத்துக்கு நோட்டு குடுங்க, இல்ல போன்ல ஸ்கேன் பண்ணுங்க."

டோபிக்கடையில் சேரும் சில்லறையைத்தான் இவர் தள்ளிவிடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் துணி துவைக்கும்போதுதான் உறைத்தது. இவர் இயந்திரங்கள் டோக்கனில் ஓடுபவை. டோக்கனையும் நாங்கள் போனில் பணம் கட்டித்தான் வாங்கினோம். அப்படியானால் இந்தப் பத்துக் காசெல்லாம் எங்கிருந்து வந்தது? அவரையே கேட்டேன்.

"கோயில்ல நோட்டைக் குடுத்துட்டு உண்டியல் சில்லறைய வாங்கிட்டு வருவேன் தம்பி."

"எதுக்குண்ணே?"

தரையைப் பார்த்தார். "சும்மா நின்னா எனக்குப் பேச்சு வராது. கை எண்ணிக்கிட்டு இருந்தா, அவங்ககிட்ட பேச வருது."

அந்த வாரமே இடி விழுந்தது. சரசு அக்காவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் டோபிக்கடைக்கு ஓடினோம்.

"இன்னைக்குச் சொல்லிடுங்கண்ணே. விட்டா போச்சு."

"இருபத்தஞ்சு காசு எண்ணி முடிக்கிறதுக்குள்ள எப்படி தம்பி சொல்றது?"

அன்று இரண்டரை வெள்ளிக்கு ஒரு ரொட்டி வாங்கினார். ஒவ்வொரு நாணயத்தையும் துடைத்துத் துடைத்து வைத்தார். பாய் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். ரொட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருங்க. கணக்கு இடிக்குது. மறுபடி எண்ணுங்க," என்றார் சரசு அக்கா.

அண்ணன் எண்ணினார். இருபத்தைந்துதான்.

"இன்னும் இடிக்குது."

"சரசு, நானே பார்த்தேன், சரியாத்தான் இருக்கு," என்றார் பாய்.

"பாய், எத்தனை காசு வாங்கலாம்னு சட்டம் இருக்கு. எத்தனை தடவை எண்ணலாம்னு இருக்கா?"

பாய் தான் தொங்கவிட்ட அட்டையை அண்ணாந்து பார்த்தார். வெளியே ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. நாங்கள் அசையவில்லை.

மூன்றாவது தடவை, ஏழாவது நாணயத்தில் அண்ணனுக்குக் குரல் வந்தது. "சிங்கப்பூர் போகாதீங்க."

"ஏனாம்?"

எட்டாவது நாணயம். "நாம கட்டிக்கலாம். உங்களுக்கு இஷ்டம்னா."

சரசு அக்கா தலை நிமிரவில்லை. "எங்கம்மா சாஆங்கிற ஊர்ல இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து கேளுங்க. சில்லறை மட்டும் கொண்டு வராதீங்க."

கடையே விசிலடித்தது. பஸ்ஸும் போயிற்று, அன்றைய சம்பளமும் போயிற்று. எங்களில் யாருக்கும் அதில் வருத்தமில்லை.

இப்போது டோபிக்கடையை இருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். கறை போகுமா என்று கேட்டால் அண்ணன் தலையாட்டுவார், அக்கா அதற்கு விளக்கம் சொல்வார். நான் செடெனாக்குக்கு வீடு மாறிவிட்டேன், வீட்டில் புது வாஷிங் மெஷினும் வாங்கியாயிற்று. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாலைந்து சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு போகிறேன். எல்லாம் துவைத்த சட்டைகள்தான்.