ஒற்றையாள் சந்தை

சந்தைக்கு மனிதர்கள் போவதுதான் உலக வழக்கம். ஒரு மனிதரே சந்தையாகி சைக்கிளில் வந்து இறங்கியது, எனக்குத் தெரிந்து, எங்கள் பாகூர்ப் பக்கம் மட்டும்தான்.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. நான் கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசில் குமாஸ்தா. கிராமத்து ஜனங்களுக்கு அம்மை குத்த புதுச்சேரியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். தமிழர்தான், ஆனால் தலையில் தொப்பி, வாயில் பாதி பிரெஞ்சு. வந்ததும் தண்டோரா மாணிக்கத்தைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில சாந்தே வருதுன்னு சொல்லுப்பா" என்றார். சாந்தே என்றால் பிரெஞ்சில் சுகாதாரம். மாணிக்கம் அதைக் கண்டானா? "நாளைக்குக் காலையில சந்தை வருது!" என்று தெருத்தெருவாக முழக்கிவிட்டான்.

விடிந்தால் அரசமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. கத்தரிக்காய்க் கூடை, பூசணிக்காய், கால் கட்டிய கோழிகள், ஒரு வெள்ளாடு. நடுவில் ஊசிப்பெட்டியோடு இவர். கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீரா குமாஸ்தா, ஜனங்களுக்கு சுகாதாரத்து மேல எவ்ளோ ஆசை!"

"சந்தை எங்கய்யா?" என்றார் ஆட்டுக்காரர்.

"நான்தான் சாந்தே."

"இன்னாது? ஒத்த ஆளு எப்படிப்பா இம்மாங் கத்தரிக்காயும் வாங்குவ?"

அன்றிலிருந்து அவர் சந்தைக்காரர். சொந்தப் பெயரை எங்கள் ஆபீசே மறந்துவிட்டது.

காய்கறி மட்டும் கைமாறியது. ஒரு கைகூட ஊசிக்கு நீளவில்லை. "பேர எழுதிக்கினு போயி பட்டாளத்துல சேத்து சைகோன் சண்டைக்குக் கப்பல் ஏத்திடுவானுங்க" என்பது ஊர்ப்பேச்சு. அதில் முதல் குரல் என் வீட்டிலிருந்துதான். கைக்குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு என் மனைவி அஞ்சலை சொன்னாள்: "ஊரான் பேரெல்லாம் எழுதுங்க. எம் பொண்ணு பேர எழுதினா நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

எட்டு மாதப் பெண்குழந்தையை எந்தப் பட்டாளத்தில் சேர்ப்பார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இதற்குள் ஆற்றுக்கு அக்கரையில் வைசூரி கண்டுவிட்டது என்று செய்தி வந்தது. சந்தைக்காரர் நேரே என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஊசி வாணாம்னா, வேற இன்னாதாம்மா வேணும் உங்களுக்கு?"

அஞ்சலை தயங்கவே இல்லை. "குடிக்கிற கொளத்துல எருமை எறங்குது. போன கோடையில வாந்திபேதி வந்து தெருவுக்கு ரெண்டு பேரு போனாங்க. அப்ப ஒரு சந்தையும் வரல. இப்ப மட்டும் ஓடியாறீங்களே?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்க்கப் போனார். அன்றே மேலிடத்துக்கு எழுதினார். எருமைகள் எத்தனை, எந்த நேரத்தில் குளிக்கின்றன என்று மூன்று நகல்களில் தெரிவிக்கும்படி பதில் வந்தது. படித்தார், மடித்தார், ஒரு கழியை எடுத்துக்கொண்டு குளக்கரையில் போய் நின்றுவிட்டார்.

"அல்லே! அல்லே!" என்று எருமைகளைப் பிரெஞ்சில் விரட்டினார். 'போ, போ' என்று அர்த்தம். மூன்றாம் நாளே எருமைகளுக்கு பாஷை பிடிபட்டுவிட்டது. நான்காம் நாள் சொந்தக்காரன் தமிழில் கூப்பிட்டால் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

"அந்த ஆளு வெயில்ல கருகிப் பூடுவாருடா" என்று ஐந்தாம் நாள் மாணிக்கம்தான் முதல் முள்கட்டைச் சுமந்து வந்தான். சாயங்காலத்துக்குள் ஊரே சேர்ந்து குளத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. எருமைகளுக்குத் தனியாக ஒரு பள்ளம்.

மறுநாள் தண்டோரா இல்லை. அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசமரத்தடிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பேரு வாணாம்மா, கை மட்டும் போதும்" என்றார் சந்தைக்காரர்.

"எழுதிக்குங்கண்ணே. அஞ்சு நாளா வெயில்ல நின்னவரு எம் பொண்ண எங்க இட்டுக்கினு போயிடப் போறீங்க?"

குழந்தை வீறிட்டாள். அவளைவிட அவர்தான் அதிகம் தவித்தார். "பர்தோன் கண்ணு, பர்தோன்" என்று எட்டு மாதக் குழந்தையிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். அஞ்சலைக்குப் பின்னால் வரிசை குளக்கரை வரை நின்றது. அந்த வருஷம் வைசூரி எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. மழைக்கு முன் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

என் மகளின் கையில் புளியங்கொட்டை அளவு தழும்பு இன்றும் இருக்கிறது. ரவிக்கைக் கையை நீட்டித் தைத்து மறைக்கப் பார்ப்பாள். கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லாத அஞ்சலை விடமாட்டாள்.

"மறைக்காதடி. ஒன் தாய்மாமன் செஞ்ச சீரு அது."