பாடிய முறுக்கு டின்

என் வாழ்நாளில் நான் செய்த பறிமுதல்களுக்குக் கணக்கில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோலி, பம்பரம், காதல் கடிதம் (ஒன்று, அதுவும் எழுத்துப்பிழையோடு) எல்லாம் என் மேசை இழுப்பறையைப் பார்த்தவை. அந்தப் பழக்கம் எழுபத்தொரு வயதிலும் போகவில்லை என்பதைச் சென்ற தீபாவளிக்கு உறவினர்களை அழைத்து வைத்த திறந்த இல்ல விருந்தில் நிரூபித்தேன்.

அதற்கு முந்தைய மாதம் முழுக்க என் பேத்தி தாரணி கைப்பேசியும் கையுமாகவே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவாள். கதவை அறைந்து சாத்துவாள். பதினாறு வயது. ஆகவே, மலாக்கா பத்து பெரண்டாமில் உள்ள எங்கள் வீட்டுக்கு விருந்தன்று வந்த அவளுடைய அத்தை பிள்ளைகள் மூவரோடு அவளையும் சேர்த்து வாசலிலேயே மறித்தேன்.

"நாலு பேரும் போனக் குடுங்க. இன்னிக்கு மனுசங்க மொகத்தப் பாத்துப் பேசணும்."

"தாத்தா, எனக்கு ஸ்கூல் வேல இருக்கு லா. பேச்சுப் போட்டி வீடியோ, ஆறு மணிக்குள்ள அனுப்பணும். அனுப்பலனா மாநிலப் போட்டிக்குப் போக முடியாது!"

"இந்த மாதிரி கத நான் முப்பது வருசம் கேட்டவன்."

இப்படித்தான் சொன்னேன். இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

நான்கு கைப்பேசிகளையும் துண்டில் சுற்றி, ஒரு காலி பிஸ்கட் டின்னில் வைத்து, யாரும் திறக்காதபடி செலோடேப் ஒட்டினேன். உறவினர்களுக்குக் கொடுக்க என் மனைவி முறுக்கை நிரப்பி வைத்திருந்த டின்களும் அதே பிஸ்கட் டின்கள், அதே செலோடேப். (முறுக்கு நமத்துவிடக் கூடாதல்லவா?) என் டின்னைப் பத்திரமாக அவற்றின் பக்கத்திலேயே வைத்தேன். படித்த மனிதன்!

மூன்றரைக்கு, ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள நியாலாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்த மனைவியின் அண்ணன் மகன் ராஜேந்திரன் புறப்பட்டான். நானே என் கையால் ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னா மாமா, இந்த வருசம் கனமா இருக்கு?"

"அத்த கை தாராளம்டா."

நாலே காலுக்குத் தாரணி கெஞ்சியதும் டின்னைத் திறந்தேன். முறுக்கு. அடுத்ததும் முறுக்கு. எல்லாமே முறுக்கு. ராஜேந்திரனை அழைத்தால் எடுக்கவில்லை. நான்கு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு நியாலாஸுக்குப் பறந்தேன். (அறுபதில்தான். என் கார் அதற்கு மேல் பறக்காது.)

ஐந்து மணிக்கு என் கைப்பேசி அலறியது. ராஜேந்திரன். தாரணி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மாமா, முறுக்கு டின் பாடுது லா! என் வீட்டுக்காரி பயந்து வெளிய ஓடிட்டா!"

"அது என் அலாரம், மாமா!" என்று தாரணி கத்தினாள். "வீடியோ அனுப்பறதுக்கு வச்சது!"

அப்போது பார்த்து என் திரையில் ஓர் அறிவிப்பு இறங்கியது. அவள் அதை நிதானமாகப் படித்தாள். "தாத்தா, இந்த வாரம் நீங்க ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போன் பாத்திருக்கீங்க. ஜாஸ்தி பாத்தது பாம்பு பிடிக்கிற வீடியோ."

பின்னிருக்கை வெடித்தது. ராஜேந்திரன் வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலா பக்கமும் செம்பனைத் தோட்டம். இணையம் நத்தையாக ஊர்ந்தது. எண்பது விழுக்காட்டில் காணொளி நின்றேவிட்டது. உயரமான இடத்தில் லைன் கிடைக்கும் என்றான் ராஜேந்திரன். முன்னாள் தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, பேத்தியின் கைப்பேசியை இரு கைகளாலும் வானத்துக்கு ஏந்தி நின்றார். ராஜேந்திரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆடாதீங்க தாத்தா! தொண்ணூறு... தொண்ணூத்தஞ்சு..."

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்காலியில் நின்றபடியே, "நீ சொன்னத நான் நம்பல. தப்பு என்னோடதும்மா" என்றேன். "மொதல்ல கீழ எறங்குங்க" என்று கை கொடுத்தாள்.

தாரணி மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். நான் பறிமுதல் தொழிலிலிருந்து மறுபடி ஓய்வு பெற்றேன். ஆனால் உறவினர்கள் விடுவதாக இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கு எந்தப் பலகாரம் கொடுத்தாலும், வாங்கும் கை ஒரு கணம் நிற்கிறது.

"மாமா, பாஸ்வேர்ட் என்னா?"